சாரணர் இயக்கம் இந்தியச் சிறுவர்களுக்குக் கிடைத்த கதை

சாரணர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சுதந்திர தின அணிவகுப்பும் கழுத்தில் கட்டிய ஸ்கார்ஃபும் தானே? எனக்கும் அப்படித்தான். வில்லியனூர் பக்கம் பள்ளியில் படித்தபோது, கயிற்றில் முடிச்சுப் போட எதற்கு இத்தனை பயிற்சி என்று நினைத்ததுண்டு. மாட்டைக் கட்டவும் வைக்கோல் கட்டவும் தெரிந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு முடிச்சு ஒரு பெரிய விஷயமா? ஆனால் இதே பயிற்சி ஒரு காலத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு மறுக்கப்பட்டது என்று படித்தபோது வியப்பாக இருந்தது.

இயக்கத்தைத் தொடங்கியவர் பேடன் பவல். 1876-இல் இந்தியா வந்து பிரிட்டிஷ் குதிரைப்படையில் பணியாற்றியவர். தடம் பார்த்து உளவறிவது எப்படி என்று படைவீரர்களுக்காக அவர் எழுதிய நூல் 1899-இல் வெளிவந்தது. அதைச் சிறுவர்களும் விரும்பிப் படித்தார்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் ஒரு முகாம் நடத்தினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, கூடாரம் அடிக்கவும் சமைக்கவும் முதலுதவி செய்யவும் கற்றார்கள். சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக வைத்தார். இயக்கத்தின் உயிரே இதுதான்.

1909-இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் இந்தியாவின் முதல் சாரணர் குழுவைத் தொடங்கினார். 1911-இல் ஜபல்பூரில் சாரணியர் குழு வந்தது. ஆனால் இவை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே! தலைமை தாங்கவும் வழி கண்டுபிடிக்கவும் கற்ற இந்தியச் சிறுவன் நாளை ஆட்சியையே எதிர்ப்பானோ என்ற அச்சம் அரசுக்கு இருந்தது.

கதவு திறக்கவில்லை என்றால் என்ன, நாமே வீடு கட்டுவோம் என்று சிலர் கிளம்பினார்கள். சென்னையில் அன்னி பெசன்டும் அருண்டேலும் 1916-17 காலத்தில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் சிறுவர்கள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டி, இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். 1918-இல் அலகாபாத்தில் மாளவியா, குன்ஸ்ரு, பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கம் அவரது இயக்கத்துடன் இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை.

விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று, பிரிந்திருந்த சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951-இல் சாரணியரும் சேர்ந்தார்கள்.

அந்த நாளில் எங்கள் வில்லியனூரும் பாகூரும் எங்கே இருந்தன தெரியுமா? பிரெஞ்சு ஆட்சியில்! 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் சேர விரும்பினார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியச் சிறுவர்கள் போராடிப் பெற்ற உரிமை, அதன் பிறகுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் உரியதானது.

முடிச்சு எங்கள் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதில் எட்டுப் பேரை நம்பிக்கையோடு அழைத்துச் செல்லும் வாய்ப்புத்தான் அவர்களுக்குப் புதிது. அன்று அரசு பயந்ததும் அதற்குத்தான். இன்று அணிவகுப்புக்கு மட்டும் சாரணர்களை அழைக்கும் பள்ளிகள், ஓர் இரவாவது அவர்களைக் கூடாரத்தில் தங்க விட்டால் நன்றாக இருக்கும்!