உளிக்கு நெல் அளந்தவர்கள்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி, கூடுவாஞ்சேரியைக் கடந்ததும் பொத்தேரியில் நிற்கிறது. இறங்குவோரில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். ஊரின் பெயரிலேயே ஓர் ஏரி தங்கியிருக்கிறது என்பதை எண்ணிப்பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. அதைக் குறை சொல்வதற்குமில்லை. ஆனால் செங்கல்பட்டுச் சீமையின் கோயில்களையும் கைத்தொழில்களையும் பற்றிப் பேச முற்படும் எவரும் அந்த ஏரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டுக்குச் சுற்றுலாக் கையேடுகள் தரும் அறிமுகம் நாம் அனைவரும் அறிந்ததே. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், திருக்கழுக்குன்றத்து மலைக்கோயில், சிங்கப்பெருமாள் கோயில் குடைவரை, மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இறுதியில் ஒரு வாக்கியம் வரும்: ‘பல்லவர் காலம் தொட்டு 1,300 ஆண்டுகளாக இடையறாது தொடரும் சிற்பக்கலை மரபு இங்கே இன்றும் உயிர்ப்புடன் விளங்குகிறது.’ கேட்பதற்கு இனிமையான வாக்கியம்தான். ‘இடையறாது’ என்ற ஒரு சொல்தான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

ஒரு கலை தானாகத் தொடர்வதில்லை. கல்லை உடைக்கிறவனும் செதுக்குகிறவனும் அன்றாடம் உண்ண வேண்டும். அந்தச் சோற்றை யார் போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், கையேடு சொல்லும் கதையிலிருந்து சற்று வேறான ஒரு வரலாறு கிடைக்கிறது.

செங்கல்பட்டுக்கு அருகே உள்ள வல்லத்தில் சிறியதொரு குடைவரைக் கோயில் உண்டு. மகேந்திரவர்மனுக்கு அடங்கிய சிற்றரசன் வசந்தப்பிரியராசன். அவன் மகன் கந்தசேனன் செய்வித்தது அது என்று அங்குள்ள கல்வெட்டு தமிழிலேயே கூறுகிறது. செய்வித்தவன் பெயர் இருக்கிறது. செய்தவன் பெயர் இல்லை. நம் கோயில்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான்.

இதற்கு அரிதானதொரு விலக்கு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் இருக்கிறது. ‘நொண்டி வீரப்பன் தொட்டி’ என்று ஊரார் அழைக்கும் பாறையில், பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன்... மன்னனின் விருதுகளோ தானம் பற்றிய செய்தியோ இல்லாத வெறும் பெயர்கள். மாமல்லபுரத்தில் பணிசெய்த கல்தச்சர்களின் பெயர்களாக இவற்றை ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பெருந்தச்சனோடு ஒரு கொல்லனும் அங்கே நிற்பதை நாம் கவனிக்க வேண்டும். கருங்கல்லில் உளியின் முனை விரைவில் மழுங்கிவிடும். உலையும் துருத்தியும் பக்கத்திலேயே இருந்து முனையைக் காய்ச்சி அடித்துத் தந்துகொண்டிராவிட்டால் வேலை நின்றுபோகும். ஆக, சிற்பம் என்பது ஒரு மேதையின் தனிமைத் தவம் அல்ல. உலைக்குக் கரி கொண்டுவருகிறவர், கல்லை நெம்புகிறவர், சோறு வடிக்கிறவர் எனப் பலர் சேர்ந்த ஒரு குடியிருப்பின் உழைப்பு.

அந்தக் குடியிருப்புக்கு அரசன் படியளந்த வரைக்கும் பாறைகள் கோயில்களாயின. மாமல்லபுரத்துப் பணிகள் எந்த மன்னன் காலத்தவை என்ற விவாதம் நெடியது. பலரும் மகேந்திரவர்மன், மாமல்லன், ராஜசிம்மன் எனப் பல தலைமுறைகளுக்கு அவற்றைப் பகிர்ந்தளிக்க, அனைத்தும் ராஜசிம்மன் ஒருவனுடையவையே என்று 1962இல் இரா. நாகசாமி வாதிட்டார். விவாதம் எப்படி முடிந்தாலும், பணிகள் பல பாதியில் நின்றுபோயின என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் முற்றுப்பெறாமலே நிற்கின்றன. அர்ச்சுனன் தபசுக்கு முடிவுறாத இரட்டை ஒன்றும் அவ்வூரில் உண்டு. பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கோடுகளை ஆழப்படுத்தி, இடைப்பட்ட சதுரங்களை உடைத்தெடுத்த முறை இத்தகைய முடியாத பணிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. முடிந்த கோயில் மன்னனைக் காட்டுகிறது. முடியாத கோயில் தொழிலாளியைக் காட்டுகிறது. அவர்கள் கை ஓய்ந்து நிறுத்தவில்லை. படியளப்பது நின்றிருக்க வேண்டும், அல்லது படியளந்தவர் வேறு பணிக்கு அவர்களை அனுப்பியிருக்க வேண்டும்.

பின்னர் சோழர் வந்தனர், விஜயநகரத்தார் வந்தனர். அவரவர் காலத்தில் அவரவர் கோயில்களை எடுத்தனர். மாமல்லபுரத்திலேயே தலசயனப் பெருமாள் கோயிலும், முடிவுறாமல் நிற்கும் ராயர் கோபுரமும் இதற்குச் சான்று. ஆயினும் பெரும் அரசுகள் இல்லாத காலங்களில் சிற்றூர்க் கோயிலும் சிற்றூர்க் கைவினைஞரும் எதைக்கொண்டு வாழ்ந்தனர்? இந்த இடத்தில்தான் ஏரிக்கு வருகிறோம்.

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தன் கைக்கு வந்தது எவ்வளவு என்று அறிய விரும்பிய கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக்கொண்டு 1767 முதல் 1774 வரை ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், ஏரி, வீடுகள், குடிகள், கோயில்கள் அனைத்தும் அதில் பதிவாயின. ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. காந்தியரான தரம்பால் இப்பதிவுகளின் அருமையை உணர்த்தியபின் ஆய்வாளர்கள் அவற்றை விரிவாக ஆராய்ந்தனர்.

அந்தக் கணக்குகளில் நாம் காண்பது வியப்பூட்டும் ஓர் ஏற்பாடு. ஏரிப் பாய்ச்சலில் விளைந்த நெல் களத்துக்கு வந்ததும், அரசுக்கும் உழுதவருக்கும் பங்கு பிரிக்கும் முன்பே சில பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. கோயிலுக்கு ஒரு பங்கு, ஏரி மராமத்துக்கு ஒன்று. கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, கோயில் தாசிக்கு, பஞ்சாங்கம் பார்ப்பவருக்கு என்று தனித்தனியே அளவு. இவற்றை மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கினர். இவையன்றி வரியில்லா மானிய நிலங்களும் இருந்தன. ‘சுதந்திரம்’ என்ற சொல் நமக்கு இன்று வேறு பொருள் தருகிறது. அன்று செங்கல்பட்டுக் கொல்லனுக்கு அது களத்துமேட்டில் அவன் உரிமையோடு கேட்டு வாங்கிய சில மரக்கால் நெல்.

கோயிலும் கைத்தொழிலும் ஏரியும் ஒரே களத்தில், ஒரே நெற்குவியலிலிருந்து அளந்து வாங்கின என்பதே இதன் சாரம். ஒன்று தளர்ந்தால் மற்றவை தளரும்.

இதைப் பொற்காலமாக வரைந்துகாட்டும் ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசைக்கு நாம் இடங்கொடுக்கலாகாது. அதே களத்தில் கதிரறுத்த பண்ணையாட்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். நிலத்தின்மீது அவர்களுக்கு உரிமை ஏதுமில்லை. தொண்டை மண்டலத்து மிராசு உரிமை பற்றி எல்லிஸ் தந்த பதில்கள் 1818இல் அச்சாயின. அவற்றிலேயே அடிமைநிலையில் இருந்த உழவுத் தொழிலாளர் பற்றிய குறிப்புகள் உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, வாசிப்போரை உலுக்கக்கூடியது. மறு ஆண்டு பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்படக் காரணமாக அமைந்தது அதுவே. கோயில் மணிக்கும் உளிக்கும் அளந்த நெல்லை விளைவித்த கைகள் இவை என்பதை மறந்துவிட்டு மரபின் பெருமை பேசுவது நேர்மையாகாது.

கம்பெனி ஆட்சி அந்த நெற்குவியலை வேறு கண்ணால் பார்த்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மதுராந்தகம் ஏரிக்கரையைப் பலப்படுத்தியவர் அவர். பெருமழை இரவொன்றில், வில்லேந்திய இரு இளைஞர் கரையைக் காவல் காப்பதைக் கண்டு, தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார் என்ற கதை நாடறிந்தது. அவருடைய தருமத்தைச் சொல்லும் கல்வெட்டும் அச்சன்னதியில் இருக்கிறது. அதே பிளேஸ் வருவாயைப் பெருக்குவதில் கண்டிப்பானவர். மிராசுதாரர்களோடு ஓயாது மோதியவர். ஏரி வேண்டும், கோயிலும் இருக்கட்டும். ஆனால் களத்தில் கழியும் ஒவ்வொரு மரக்காலுக்கும் கம்பெனிக்குக் கணக்கு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரி நெல்லிலிருந்து பணத்துக்கு மாறியது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் மானியங்களை ஆராய்ந்து, அவற்றில் பலவற்றைத் தனியுடைமை ஆக்கியது. ஊர்ப்பணிக்கென இருந்த நிலம், விற்கவும் அடகு வைக்கவும் கூடிய சொத்தாயிற்று. பழைய பிணைப்பு ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. இழை இழையாகப் பிரிந்தது.

கடற்கரையில் இதற்கு முன்பே வேறொரு பாடம் தொடங்கியிருந்தது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டி, அந்தப் பகுதி நெசவாளரின் மெல்லிய மஸ்லின் துணியைக் கப்பலேற்றினர். அவர்களில் சிலர் திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்துக்கு ஏறிச்சென்று, பல்லவர் வெட்டிய குடைவரையில் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டு வந்திருக்கின்றனர். இன்றும் அவற்றைக் காணலாம். நெசவாளரின் பெயரைச் சுமக்கும் கல் எதுவும் அங்கே இல்லை. அந்நெசவு ஏரி நெல்லை நம்பியதல்ல, கடல் கடந்த காசை நம்பியது. 1824 ஒப்பந்தத்தில் டச்சுக்காரரின் இந்திய உடைமைகள் ஆங்கிலேயரிடம் சென்றன. வாங்குபவர் அகன்றபின் சதுரங்கப்பட்டினத்துக்குக் கோட்டை மிஞ்சியது. மஸ்லினுக்குப் பெயர் மட்டுமே மிஞ்சியது.

அப்படியானால் மாமல்லபுரத்தில் இன்று தெருத்தெருவாகக் கேட்கும் உளியோசை எங்கிருந்து வந்தது? விடை தெற்கே இருக்கிறது. இங்கே ஆதரவு வற்றிய காலத்தில், நகரத்தார் தம் வணிகப் பொருளைச் சிதம்பரம், மதுரை, திருவண்ணாமலை முதலிய கோயில்களின் திருப்பணிக்கு வாரி வழங்கினர். சிற்ப நூலறிவும் கைப்பழக்கமும் அத்திருப்பணிகளை அண்டிப் பிழைத்தன. பிள்ளையார்பட்டிச் சிற்பிக் குடும்பத்தைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதியை முதல்வராகக்கொண்டு, 1957இல் அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையத்தை நிறுவியது. 1961இல் அவர் மகன் கணபதி ஸ்தபதி பொறுப்பேற்று 1988 வரை அதை வளர்த்தார். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட குமரிமுனையின் 133 அடி வள்ளுவர் சிலை அவர் ஆக்கம். பிறந்த குலம் எதுவாயினும் உளி பிடிக்கலாம் என்ற வாசலை அந்தப் பள்ளி திறந்தது. அங்கே பயின்றவர்களும், அவர்களிடம் பட்டறையில் கற்றவர்களும் இன்றைய மாமல்லபுரத்தை உருவாக்கினர்.

ஆக, 1,300 ஆண்டு ‘இடையறாத’ மரபு அன்று. அறுந்து, வேறிடத்தில் பிழைத்து, ஒரு கொள்கை முடிவால் மீட்டுக் கொண்டுவரப்பட்ட மரபு. இப்படிச் சொல்வதால் அதன் பெருமை குறைவதாக நாம் கருதவில்லை. தானாக ஓடிவந்த ஆற்றைவிட, மனிதர் வெட்டிக்கொண்டு வந்த வாய்க்காலுக்கு மதிப்பு கூடுதல் அல்லவா? ‘இடையறாது’ என்று சொல்லும்போது, அது இனியும் தானாகவே தொடரும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். அதுதான் அச்சொல்லின் ஆபத்து.

2015இல் உலகக் கைவினைக் கழகம் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017இல் அதன் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும்; சோறு போடாது. மின் அறுவைக் கருவி வேலையை விரைவாக்கியிருக்கிறது. அது கிளப்பும் கல்தூசி சிற்பியின் நுரையீரலில் படிகிறது. கோயில் திருப்பணியும் வெளிநாட்டுத் தமிழரின் கோயில்களும் விடுதித் தோட்டங்களும்தான் இன்றைய களத்துமேடு. அங்கே எந்தச் சிற்பிக்கும் எழுதிவைத்த மேரை கிடையாது.

பழைய களத்துக்குத் திரும்ப முடியாது. அதன் அநீதிகளோடு அது திரும்பவும் வேண்டாம். ஆனால் அந்தக் களத்தில் ஒரு விதி இருந்தது: பகிர்வுக்கு முன்பே, கேட்காமலே, கைவினைஞனின் பங்கு எடுத்து வைக்கப்பட்டது. பல்லவன் பெயரையும் கந்தசேனன் பெயரையும் நாம் மறக்கப்போவதில்லை. கேவாத பெருந்தச்சனும் கொல்லன் சேமகனும் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களின் இன்றைய வாரிசுகளுக்கு நெல் அளப்பது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, இந்தச் சீமையின் வரலாறு காட்டும் கடைசி விடை 1957க்கு உரியது. அடுத்த விடை இன்னும் எழுதப்படவில்லை.