பிளசரும் மாருதியும்

கடையத்தில் அந்தக் காலத்தில் காருக்குப் பெயர் பிளசர். என்ன கம்பெனி என்று யாரும் கேட்டதில்லை, பெரும்பாலும் அம்பாசிடர்தான். என் தாய்மாமாவிடம் ஒன்று இருந்தது. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பிரசவ கேஸ், குற்றால சீசனுக்கு வந்த விருந்தாளிகள், அம்பாசமுத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போகும் கூட்டம் என்று எதற்கும் மாமா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, 1950களின் இறுதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் செய்யத் தொடங்கிய வண்டி அது. முகப்பு கிரில் மாறும், விளக்கு மாறும், உடம்பு மாறாது. கார் செய்ய லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டுக் காருக்கோ வாசல் அடைப்பு. போட்டி என்றால் பம்பாய் ஃபியட்டும் சென்னை ஸ்டாண்டர்டும்தான். மாற வேண்டிய அவசியம் யாருக்கு?

இந்தச் சோம்பலை இன்று கேலி செய்கிறோம். மாமாவுக்குச் சோறு போட்டது அதுதான். பழைய வண்டியில் கழற்றிய சாமான் புது வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். பானட்டுக்குள் கை நுழைய இடம் உண்டு. கியர் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்ததால் முன்சீட்டு ஒரே பெஞ்சு; டிரைவரோடு மூன்று பேர் என்பது கணக்கு, மாமா கணக்கு வேறு. புளியரை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். மாமா தண்ணீர் ஊற்றுவார், வந்தவர்கள் இறங்கிக் காற்று வாங்குவார்கள். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியைக் கொடுத்தார். சுசுகியின் தொழில்நுட்பம், மூன்று சிலிண்டர், 796 சிசி. அம்பாசிடரின் எஞ்சின் 1489. பெட்ரோல் செலவைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. எங்கள் பக்கம் அம்பாசிடர் என்றால் கூடவே ஒரு டிரைவரும் உண்டு. மாருதியை வாத்தியாரும் பேங்க் கிளார்க்கும் தாங்களே ஓட்டினார்கள். கிளட்ச் அவ்வளவு லேசு.

1994இல் அப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி வாங்கினார், மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஆறு மாதம் மாமா எங்கள் வாசல் மிதிக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து சாவியைக் கேட்டார். என்னை ஏற்றிக்கொண்டு ராமநதி அணை வரை போய்த் திரும்பினார்.

“கையில ஸ்டீயரிங் இருக்கதே தெரியல, மருமவனே” என்றார். குரலில் பாராட்டா வருத்தமா, புரியவில்லை. நாலைந்து வருஷத்தில் பிளசரை விற்றுவிட்டார்.

2014இல் இரண்டு வண்டிகளின் உற்பத்தியும் நின்றது. பேப்பரைப் பார்த்துச் சொன்னேன்.

“எது முதல்ல நின்னுது?”

“மாருதி, மாமா. ஜனவரியில. அம்பாசிடர் மே மாசம்.”

“அப்போ நம்ம வண்டி நாலு மாசம் கூட நின்னிருக்கு” என்றார் மாமா.