சாவான பாவம்

வினையும் பாவமும் ஒருபொருட் சொற்கள் என்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். மணிமேகலையின் இறுதிக் காதையில், கச்சி மாநகரில் அறவண அடிகள் உரைக்கும் வினை, பயனூட்டிப் பிறவிதோறும் தொடர்வது, நுகர்ந்தால் கழிவது. இக்கருத்து வேரூன்றிய நாட்டிற்கு வந்து, 1606 முதல் மதுரையில் தொண்டாற்றிய தத்துவ போதகர் மறுபிறப்பை மறுத்து நூல் யாத்தார். எனினும், பழஞ்சொற்கள் கிறித்தவத் தமிழில் நிலைத்தன, பொருளே மாறிற்று. ‘சென்மப் பாவம்’ முற்பிறவியினதன்று. ஆதாம் வழியாக மாந்தர் அனைவர்க்கும் வந்தது.

இவற்றுள் ‘சாவான பாவம்’ என்னும் கத்தோலிக்க வழக்கே பெரிதும் நோக்கற்பாலது. அஃது ஆன்மாவில் இறையருள் வாழ்வையே கொன்றுவிடும் என்பது அவர்தம் கொள்கை. மாண்டது தானே எழாது. நுகர்ந்து தீர்த்தற்கும் இடமில்லை. ஆதலின் மனத்தாபமும் பாவசங்கீர்த்தனமும் வேண்டப்பட்டன. ‘அற்பப் பாவம்’ அவ்வாழ்வை நலிவிக்கும், அழிக்காது.