சர்க்கார் மாளிகையும் லயத்து வீடும்

பினாங்கின் தலைமை உத்தியோகஸ்தரான ரெஸிடெண்டு கவுன்ஸிலர் வசிப்பதற்கென்று 1890-ல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகையே ரெஸிடென்ஸி. துரைமார் பலர் அதில் குடியிருந்தனர். ஒருவருக்கும் அது சொந்தமன்று. வீடு உத்தியோகத்துக்குரியது. 1957-ல் நாடு சுதந்திரமடைந்தது. துரை போனார், கவர்னர் வந்தார். இன்று அம்மாளிகையின் பெயர் செரி முத்தியாரா.

தோட்டத்து லயத்துக்கும் இதே விதிதான்: வேலையுள்ளவரை வீடு. ஆயினும், வேலை முடிந்த துரை பென்ஷனோடு கப்பலேறினார். 1950களிலும் 1960களிலும் மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதோ, நம் தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர்; கையில் பென்ஷனுமில்லை.

தோழர்களே! இரவல் கூரையை நம்பித் தலைமுறைகளைக் கழித்தோம். ஓரறையேயாயினும் நம் பேரில் எழுதப்பட்ட வீடு வேண்டும் என்பதே இச்சரித்திரம் நமக்குக் கூறும் பாடம்.