எஃப் என்றால் எத்தனை?

1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், கம்ப்யூட்டர் ஆசாமிகளிடம் இப்படிக் கேட்டிருந்தால் குழம்பிப் போயிருப்பீர்கள். 14 என்பார் ஒருவர். இல்லை, 10 என்பார் இன்னொருவர். மூன்றாமவர், 'எங்க மெஷின்ல எஃப் எண்ணே கிடையாதே' என்பார். மூவர் சொல்வதும் சரி!

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 மட்டும்தான். 1964 என்ற எண் அதன் பாஷையில் 11110101100. மனுஷன் படிக்கிற சமாசாரமா இது? வலமிருந்து நாலு நாலாகச் சேர்த்தார்கள். நாலு இடத்தில் 0 முதல் 15 வரை, பதினாறு எண்களை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை அடையாளம் வேண்டும். ஒன்பது வரை கைவசம் இருக்கிறது. மிச்சம் ஆறுக்கு?

அவரவர் இஷ்டம்தான். இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் இலியாக் (1952), கே, எஸ், என், ஜே, எஃப், எல் என்று வைத்துக்கொண்டது. டெலிபிரிண்டர் நாடாவின் ஓட்டைகளுக்கு அதுதான் தோது. இதை மனப்பாடம் செய்ய 'கிங் சைஸ்டு நம்பர்ஸ் ஜஸ்ட் ஃபார் லாஃப்ஸ்' என்று ஒரு வாசகம் வேறு! 1956-ல் வந்த எல்ஜிபி-30-ல் எஃப், ஜி, ஜே, கே, க்யூ, டபிள்யூ. அதே வருஷத்து பெண்டிக்ஸ் ஜி-15-ல் யு முதல் இசட் வரை. ஆக, 1964 என்பது ஓரிடத்தில் 7கேஎன், இன்னோர் இடத்தில் 7எஃப்ஜே, மற்றோர் இடத்தில் 7யுடபிள்யூ.

பஞ்சாயத்தைத் தீர்த்தது ஐபிஎம். 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதற்குள்ளேயும் ஒரு சண்டை நடந்திருந்தது. ஓர் எழுத்துக்கு ஆறு பிட் போதும் என்றார் வடிவமைப்பாளர் ஜீன் அம்தால். எட்டு வேண்டும் என்றார் திட்டத் தலைவர் ஃபிரெட் புரூக்ஸ். எட்டு ஜெயித்தது. எட்டு என்றால் நாலும் நாலும். அதாவது பதினாறு முறையில் கச்சிதமாக இரண்டே அடையாளம். ஐபிஎம் எடுத்துக்கொண்ட எழுத்துகள், ஏ முதல் எஃப் வரை. 360 விற்ற விற்பனையில் மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள்.

இந்த முறையில் 1964 என்பது 7ஏசி. நம் கணக்குக்கு மாற்றுவது சுலபம். வலப்பக்கம் சி, அதாவது 12. அடுத்த ஏ, அதாவது 10. பதினாறால் பெருக்கினால் 160. மூன்றாவது 7, பதினாறு பதினாறு 256, ஏழால் பெருக்கினால் 1792. மூன்றையும் கூட்டுங்கள். 1964!

ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில், 1957-க்கு முன்பு, 'ஏழு ரூபாய் பத்தணாவுக்கு எத்தனை அணா?' என்று பள்ளியில் போட்டவர்களுக்கு இது பழகின கணக்குதான். ஏழு பதினாறு 112, கூட பத்து, 122.

ஒரே ஒரு எச்சரிக்கை. இலியாக் காலத்துப் பழைய புரோகிராம் தாள் எங்கேயாவது கண்ணில் பட்டு, அதில் எஃப் இருந்தால், 15 என்று போட்டுவிடாதீர்கள். அது 14.