பத்து வயசுப் பையனின் சிட்டுக்குருவிக் கணக்கு

காட்டுயிர் ஆராய்ச்சின்னா முனைவர் பட்டம், பைனாகுலர், பெரிய கேமரான்னு தான் நமக்கு நினைப்பு. ஆனா இந்தியாவில் பேர் வாங்கின ஒரு பறவைக் குறிப்பை எழுதினது தொடக்கப்பள்ளி வயசுப் பையன்.

1906-07 வாக்கில், பம்பாய் கேத்வாடி. குதிரை லாயத்துச் சுவர்ப் பொந்தில் சிட்டுக்குருவிக் கூடு. பெண்குருவி உள்ளே அடைகாக்க, ஆண்குருவி வெளியே காவல். பையன் ஆண்குருவியைச் சுட்டுட்டான். கொஞ்ச நேரத்தில் வேறொரு ஆண்குருவி வந்து காவலுக்கு உட்கார்ந்தது. அதையும் சுட்டான். இப்படி 7 நாளில் 8 ஆண்குருவிகள்! ஒவ்வொரு தடவையும் பெண்குருவிக்குப் புது ஜோடி கிடைத்ததை அப்படியே எழுதி வச்சான்.

அந்தப் பையன் தான் சாலிம் அலி. அதை எழுதினது வேட்டைப் பெருமைக்காகன்னு 1985ல் வந்த தன் சுயசரிதையில் அவரே ஒத்துக்கறார். ஆனா ஏறக்குறைய 60 வருஷம் கழிச்சு, பறவை ஆர்வலர்களுக்கான ஒரு செய்திமடலில் அந்தக் குறிப்பு அச்சேறியது. குருவிகளைச் சுட்டது பெருமை இல்லை. பார்த்ததை எண்ணிக்கையோடு எழுதி வச்சது தான் விஷயம். எழுதாம விட்டிருந்தா 8 குருவி செத்தது மட்டும் தான் மிச்சம்.

சரி, இதுக்கும் திற்பரப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. 1933ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தவர் இதே சாலிம் அலி தான். திற்பரப்பு அப்போ திருவிதாங்கூரில். அந்தக் கணக்கெடுப்பு 1953ல் 'திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள்' பற்றிய புத்தகமா வந்தது. 1956 நவம்பர் 1ல் நாம தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1969ல் அதே புத்தகம் 'கேரளப் பறவைகள்'னு புதுப்பேரில் வந்தது. தலைப்பில் இருந்து நம்ம ஊர் கழண்டு போச்சு :-)

இனி பெரிய ஆட்கள் வந்து எழுதட்டும்னு காத்திருக்கணுமா? வேண்டாம். இங்கிலாந்தில் பிளாக்காட்டன்னு ஒரு கிராமம். அங்கே 8 முதல் 10 வயசு வரை உள்ள 25 பிள்ளைகள், பம்பிள்பீ எனும் குண்டுத் தேனீ, பூவைத் தேட நிறத்தோடு அது இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்குமான்னு சோதிச்சாங்க. பார்க்குதுன்னு தெரிஞ்சது. 2010 டிசம்பரில் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. படங்கள் கலர் பென்சிலில், வாசகம் பிள்ளைகளின் பேச்சில்.

அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம். எல்லை தாண்டினா கேரளம். 2010ல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' திட்டத்தில் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் எப்படி இருக்குன்னு குறிக்கறாங்க. விஷுவுக்குத் தான் பூக்கும்னு நாம நினைக்கிற கொன்றை, மற்ற மாதங்களிலும் பூப்பது இந்தக் குறிப்புகளில் பதிவாகுது.

நம்ம பக்கம் எங்கே திரும்பினாலும் ரப்பர். மார்கழி, தை வாக்கில் இலை உதிர்த்து, பிறகு தளிர் விடும். அந்தத் தளிரிலையின் காம்பில் ஊறும் இனிப்பு நீரைத் தான் தேனீ எடுக்குது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்காரர்கள் பெட்டியைத் தூக்கிட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போறது இதனால தான். மழை தப்பினா தளிர் தப்பும், தளிர் தப்பினா தேன் தப்பும். "முன்ன எல்லாம் இப்படி இல்ல மக்கா"ன்னு பெருசுங்க சொல்றதைக் கேட்டிருப்பீங்க. முன்னே எப்படி இருந்ததுன்னு தேதியோடு சொல்ல ஒரு நோட்டு வேணுமே?

திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வர்றவங்க சாயங்காலம் கிளம்பிருவாங்க. கோதையாற்றங்கரையில் வருஷம் முழுக்க இருக்கறது அங்கே படிக்கிற பிள்ளைகள் தான். முதல் தளிர் எந்தத் தேதியில் வந்தது, மீன்கொத்தி எந்தப் பாறையில் உட்கார்ந்ததுன்னு அவங்களுக்குத் தெரியும். எழுதற பழக்கம் தான் வேணும்.

சார்மாரே, டீச்சர்மாரே, ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். ஒரு மரம், வாரத்துக்கு ஒரு வரி. துப்பாக்கி மட்டும் வேண்டாம்.