ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்கு

மிஷனரிகளைப் பற்றி நம்மிடையே பெரும்பாலும் இரண்டு வகை எழுத்துகள்தான் உண்டு. ஒன்று, சபைகள் வெளியிடும் தியாக சரித்திரம். மற்றது, ஏகாதிபத்தியத்தின் முன்னணிப் படை என்று அவர்களை ஒரே வரியில் தீர்த்துவிடும் கட்டுரை. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலும் மிஷனரி தனி ஆள். கையில் வேதப் புத்தகத்தோடு கப்பலிலிருந்து இறங்குகிறான். அவனோடு ஒரு பெண்ணும் இறங்கினாள், அந்நிய மண்ணில் அவளுக்குக் குழந்தைகள் பிறந்தன, சில அங்கேயே புதைக்கப்பட்டன என்பதற்கு இரண்டிலுமே அதிக இடமில்லை.

பேர்ல் பக் 1936இல் வெளியிட்ட இரண்டு நூல்களை இந்தக் காரணத்துக்காகவே முக்கியமானவையாகக் கருதுகிறேன். ஒன்று தாயைப் பற்றிய 'தி எக்ஸைல்'. இன்னொன்று தகப்பனாரைப் பற்றிய 'ஃபைட்டிங் ஏஞ்சல்'. 'தி குட் எர்த்' (1931) நாவலை மட்டும் வைத்து அவரை ஜனரஞ்சக எழுத்தாளர் என்று ஒதுக்குவது விமரிசகர்களின் வழக்கம். அதில் நியாயமில்லாமலில்லை. ஆனால் 1938இல் அவருக்கு நோபல் பரிசு தந்தவர்கள், சீன விவசாயிகளின் வாழ்க்கையைச் சித்தரித்ததோடு இந்த வாழ்க்கை வரலாறுகளையும் காரணமாகக் குறிப்பிட்டார்கள். காரணத்தின் பிற்பாதி மறந்துபோயிற்று.

அப்சலம் சைடன்ஸ்ட்ரிக்கரும் கரோலைனும் மேற்கு வர்ஜீனியாக்காரர்கள். 1880இல் திருமணமான கையோடு, தென் மாநிலங்களின் பிரஸ்பிட்டேரியன் சபை ஊழியர்களாகச் சீனா சென்றார்கள். யாங்ட்ஸி நதிக்கரையிலுள்ள சென்ஜியாங்கில் நெடுங்காலம் குடியிருந்தார்கள். அந்தத் துறைமுகத்தை அந்நியருக்குத் திறந்துவிட்டதும், மதப்பிரச்சாரத்துக்குப் பாதுகாப்பு அளித்ததும் 1858ஆம் வருஷத்துத் தியன்ஜின் உடன்படிக்கைகள்தான். பீரங்கிக்கு முன்னால் கையெழுத்தான காகிதம் அது. அப்சலம் காசு சேர்க்க வந்தவரல்ல, அதிகாரம் தேடி வந்தவருமல்ல. ஆனால் அவர் நடந்த பாதையைப் போட்டுக் கொடுத்தது போர்க்கப்பல். தியாக சரித்திரம் இதைச் சொல்லாது. மற்ற வகைக் கட்டுரையோ இதைச் சொன்னதும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடும்.

வீட்டுக்குள் நடந்தது வேறு. கரோலைனுக்குக் குழந்தைகள் ஏழு. நான்கு சிறுவயதிலேயே போய்விட்டன. பேர்ல் 1892இல் பெற்றோர் ஊருக்கு வந்திருந்த சமயத்தில் பிறந்து, சில மாதக் குழந்தையாகச் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். ஆயாவின் சீன மொழியும் அம்மாவின் ஆங்கிலமும் ஒன்றாகவே அவர் காதில் விழுந்தன. அப்பா பிரசங்கம் செய்யக் கிராமம் கிராமமாகப் போய்விடுவார். 1900இல் பாக்ஸர் கலகம் மூண்டபோது தாயும் குழந்தைகளும் ஷாங்காய்க்குப் போனார்கள். அவர் ஊரைவிட்டு நகரவில்லை. அந்தக் கலகத்தில் சீனக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கொல்லப்பட்ட புராட்டஸ்டண்டு மிஷனரி குடும்பத்தாரில் ஐம்பது பேருக்கு மேல் குழந்தைகள். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் அந்தக் குழந்தைகளல்ல.

அப்சலத்தின் வாழ்நாள் காரியம், புதிய ஏற்பாட்டைப் பேச்சு வழக்கை ஒட்டிய சீனத்தில் மொழிபெயர்த்தது. சபைகள் கூடிக் குழு அமைத்துத் தயாரித்த மொழிபெயர்ப்பு 1919இல் வெளிவந்தது. அந்தக் குழுவின் வழி அவருக்கு ஒத்துவரவில்லை. தாமே பெயர்த்து, தாமே திருத்தி, தாமே அச்சிட்டார். திருப்தி வராமல் மறுபடி திருத்தி மறுபடி அச்சிட்டார். பணம் வீட்டுச் செலவிலிருந்து போயிற்று. மகளின் நூலைப் படிக்கும்போது, அந்த மொழிபெயர்ப்பு சாப்பாட்டிலும் துணியிலும் பங்கு கேட்டுக்கொண்டு வீட்டோடு தங்கிவிட்ட ஒரு மனிதரைப் போலத் தோன்றுகிறது. கரோலைனோ, குடிபோன வீடுகளிலெல்லாம் தன் ஊர்ப் பூச்செடிகளை வளர்த்தாள்.

நான் வங்கியில் லெட்ஜர் எழுதுகிறவன். ஓரிடத்தில் வரவு என்றால் இன்னோரிடத்தில் பற்று இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் கணக்கு நேராகாது. இத்தனை ஊர், இத்தனை ஞானஸ்நானம், இத்தனை பிரதி என்று சபைக்கு அனுப்பும் கணக்கில் வரவு மட்டுமே தெரியும். பற்று எழுதிய ஏடு வீட்டில் இருந்தது. 1921இல் தாய் இறந்தபிறகு மகள் அதைக் குடும்பத்தாருக்காக எழுதிவைத்தார். அச்சேறப் பதினைந்து வருஷம் ஆயிற்று. இடையில் 1931இல் தகப்பனாரும் சீனாவிலேயே இறந்துபோனார்.

ஒரே தாம்பத்தியத்துக்கு இரண்டு புத்தகம் எதற்கு? ஒன்றில் அடங்காது என்பதே என் பதில். 'தி எக்ஸைல்' தாயின் பக்கம் நின்று பேசுகிறது. அதில் கோபம் உண்டு. 'ஃபைட்டிங் ஏஞ்ச'லில் அதே மனிதர் சந்தோஷமானவராக வருகிறார். தன் பணியில் சந்தேகமே எழாதவனுக்குக் கிடைக்கும் சந்தோஷம். அதைப் பார்த்து மகளுக்கு வியப்பு. அந்தச் சந்தோஷத்துக்கு விலை கொடுத்தவர்கள் யாரென்பதையும் அவர் மறக்கவில்லை. கலை என்ற அளவில் இரண்டாவதுதான் மேல். முதலாவதைப் படிக்காதவனுக்கு அது பாதி உண்மைதான்.

1927 மார்ச்சில் நான்ஜிங்கில் அந்நியர் வீடுகள் சூறையாடப்பட்டபோது, கிழவர் அப்சலமும் மகள் குடும்பமும் ஓர் ஏழைச் சீனப் பெண்ணின் குடிசையில் ஒளிந்து பிழைத்தார்கள். பிறகு அவர்களை ஏற்றிச் சென்றது அந்நியப் போர்க்கப்பல். குடிசை, கப்பல் இரண்டையும் விடாமல் சொல்ல வேண்டும். அதனால்தான் 1932இல் நியூயார்க்கில் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் முன்னிலையில், மிஷனரிகள் பலரின் குறுகிய மனத்தையும் அறியாமையையும் பேர்ல் பக் கண்டித்தபோது அது வெளியாளின் வசையாக இல்லை. மறு வருஷம் மிஷனிலிருந்து விலகிக்கொண்டார்.

1972இல் சீனா போக விரும்பினார். புதிய சீனாவை இழிவுபடுத்தி எழுதியவர் என்று விசா மறுத்தார்கள். 1973இல் அமெரிக்காவில் இறந்தார். பென்சில்வேனியாவிலுள்ள அவர் கல்லறையில் பெயர் சீன எழுத்துகளில்தான் இருக்கிறது. அதிலுள்ள குடும்பப் பெயர், தகப்பனார் சீனாவில் வைத்துக்கொண்ட பெயர்.

இதையெல்லாம் இந்தப் பக்கங்களில் சொல்லக் காரணம் உண்டு. மனைவியின் வளையலை அடகு வைத்துப் பத்திரிகை நடத்தியவர்களின் கதைகளை நாமும் பெருமையோடுதான் சொல்லிக்கொள்கிறோம். இதழ்களின் எண்ணிக்கை நமக்குத் தெரியும், அவற்றில் வெளிவந்த கவிதைகளும் தெரியும். வளையல் மீண்டதா என்று கேட்டு எழுதியவர்கள் குறைவு. இலக்கியத்துக்காகச் செலவழித்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அப்சலம் தம் மொழிபெயர்ப்பை விட்டிருக்க வேண்டும் என்று அவர் மகளும் எங்கும் வாதாடவில்லை. செலவு யார் பெயரில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது சரித்திரம். நம் சரித்திரத்தை இன்னும் நாம் அப்படி எழுதத் தொடங்கவில்லை.